மிதக்கும் சந்தையில் மூழ்கிய பணம்

தாய்லாந்து போகிற பலர், கால்வாயில் படகிலேயே வியாபாரம் நடக்கும் மிதக்கும் சந்தைக்கென்று ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். நாங்களும் ஒதுக்கினோம். பாங்காக்கிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிற டம்னோன் சதுவாக் சந்தை. அங்கே கடைக்காரர்கள் ஏமாற்றுவார்கள், ஜாக்கிரதை என்று பலர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பணம் கடையில் போகவில்லை, கடையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது.

பேசி அமர்த்திய கார்தான். ஓட்டுநர் நல்ல மாதிரி, வழியெல்லாம் சிரிப்பும் பாட்டும். ஆனால் சந்தைக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு தனியார் படகுத்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு, இனிமேல் படகில்தான் போக முடியும் என்று கையை விரித்தார். அது உண்மையில்லை. சந்தை வரை தார்ச்சாலை போகிறது, கால்வாய்க் கரையோரம் நடைபாதை இருக்கிறது, ஒரு பாட் (தாய்லாந்துப் பணம்) செலவில்லாமல் நடந்தே சுற்றலாம். ஓட்டுநருக்குப் படகுத்துறையில் கமிஷன் உண்டு, அதுவும் நம் கட்டணத்திலிருந்துதான் போகிறது.

துறையில் ஒரு பெரிய விலைப்பலகை. 3,000 பாட் என்று போட்டிருந்தது. என் கணவர் பேரத்தில் இறங்கினார். அங்கே வாய்ப்பேச்சு குறைவு, எல்லாம் கால்குலேட்டரில்தான். மேசையில் இருந்த பெண் ஓர் எண்ணைத் தட்டி நீட்டுவார், இவர் அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டுவார். இரண்டு தடவை எழுந்து போகிற மாதிரி நடித்து, கடைசியில் 1,000க்குப் படிந்துவிட்டது. இவர் முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே! பணம் கட்டப் போனால் 4,000 கேட்கிறார்கள். பலகையில் இருந்த 3,000 ஒரு படகுக்கு. இவர் பேசி முடித்த 1,000 ஆளுக்கு. நாங்கள் நான்கு பேர். அடித்துப் பேசிக் குறைத்ததில் கூடுதலாக ஆயிரம்!

அப்புறம் அத்தை குறுக்கே வந்து, நான்கு பேரையும் விரலால் சுட்டி, படகையும் சுட்டி, 2,000 என்று தட்டினார். முடியாது என்றார்கள். அத்தை நிஜமாகவே காரை நோக்கி நடந்தார். பின்னாலேயே கூப்பிட்டு ஒத்துக்கொண்டார்கள். அதுவும் அதிகம்தான் என்று உள்ளே போன பிறகு தெரிந்தது. சந்தைக்குள்ளேயே துடுப்புப் படகுகள் கிடைக்கின்றன, விலையும் குறைவு, சத்தமும் கிடையாது.

எங்களுக்குக் கிடைத்தது லாங்டெயில் படகு. நீளமான குறுகிய மரப்படகு, பின்னால் மூடியில்லாத இன்ஜின், அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு, அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற இரைச்சல். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இருபுறமும் கான்கிரீட் தடுப்புச் சுவர், அதற்கு மேலே வீடுகளின் பின்பக்கம், காயப்போட்ட துணி. எதிரே இன்னொரு படகு வந்தால் முகத்தில் கால்வாய்த் தண்ணீர். நடுவில் தென்னஞ்சர்க்கரை செய்யும் இடம் என்று ஓரிடத்தில் நிறுத்தினார்கள். அடுப்பு ஒன்று, கடைகள் பத்து.

சந்தைக்குள் நுழைந்ததும் படகு நெரிசல், டீசல் புகை. கரையோரக் கடைக்காரர்கள் கையில் நீளமான கொக்கிக் கம்பு வைத்திருக்கிறார்கள். நம் படகை அதால் மாட்டித் தங்கள் கடைப்பக்கம் இழுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் விடுவார்கள், உடனே அடுத்த கொக்கி. விற்பதெல்லாம் பாங்காக் தெருவில் பார்த்த அதே யானை பொம்மை, அதே காந்த ஸ்டிக்கர்.

யானைப் படம் போட்ட பேன்ட்டுக்கு ஓர் அம்மா 300 தட்டினார். படகுத்துறை வெற்றியின் சூடு ஆறாத அத்தை, மனசுக்குள் ரூபாயாக்கி, அதில் பாதி போட்டு, பாட்டுக்கு மாற்ற மறந்து 350 என்றே தட்டிக் கறாராக நீட்டினார். அந்த அம்மா திரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பிறகு 50ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு 300க்கே தந்தார். அதற்கு மேல் எந்த வாயால் குறைக்கச் சொல்வது?

சும்மா குறை மட்டும் சொல்லக் கூடாது. படகிலேயே அடுப்பு வைத்து நூடுல்ஸ் விற்ற பாட்டி ஒருவர் இருந்தார். முழங்காலுக்கு முன்னால் கொதிக்கிற குழம்புப் பானை, இடப்பக்கம் கிண்ண அடுக்கு, வலப்பக்கம் கீரை, மிளகாய்த்தூள், சர்க்கரை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் எல்லாம் செய்தார். படகு ஆடினாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அங்கே நாங்கள் பேரம் பேசவில்லை. சாப்பாட்டுக்கு அங்கே யாரும் பேசுவதுமில்லை.

இந்தக் கால்வாய் ஒன்றும் சுற்றுலாவுக்காக வெட்டியதில்லை. தாய்லாந்து மன்னர் நான்காம் ராமா காலத்தில், தா சின், மே குளோங் என்ற இரண்டு ஆறுகளை இணைக்க வெட்டி 1868இல் திறந்தார்கள், நீளம் 32 கிலோமீட்டர். தோட்டத்துக் காய்கனியெல்லாம் அந்த வழியாகத்தான் போனது. சாலை வந்ததும் நிஜ வியாபாரம் கரையேறிவிட்டது, நமக்காக மிச்சம் இருப்பது காட்சி. அந்தக் காட்சியையும் காலை 9 மணிக்குள் போனால் ஓரளவு நிம்மதியாகப் பார்க்கலாம். நாங்கள் போனது 11 மணிக்கு.

சந்தைதான் பார்க்க வேண்டும் என்றால் அம்பாவா போங்கள். பக்கத்து சமுத் சொங்கிராம் மாகாணம், வார இறுதியில் மதியத்துக்கு மேல் களைகட்டும். உள்ளூர்க்காரர்கள் கூட்டம்தான் அதிகம். படித்துறையில் உட்கார்ந்தால் படகிலிருந்தே சுட்ட இறாலும் கணவாயும் வரும்.

படகுச் சவாரிதான் ஆசை என்றால் பாங்காக்கிலேயே சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஓடுகிறது, ஆளுக்கு 20 பாட்டுக்குள்தான். வேலைக்குப் போகிறவர்களோடு நின்றுகொண்டே போகலாம், நடத்துநர் தகர டப்பாவைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வந்து டிக்கெட் கொடுப்பார். பாங்காக்கின் பெரிய அரண்மனைப் பக்கம் இறங்கும்போது யாராவது கண்ணியமாக வந்து, இன்று மதியம் வரை மூடியிருக்கிறது, அதுவரை படகில் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் காதில் போட்டுக்கொள்ளாமல் வாசல் வரை நடந்துவிடுங்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார். வாசல் திறந்தே இருந்தது.