குளச்சல் கடல்காத்துல அக்கூஸ்டிக் கிட்டார்: கட்டைவிரல் பேஸ் தடுமாறுது, ஸ்ட்ரிங் ஏறிப்போச்சு

குளச்சல்_ஆறுகம்பி

கன்ட்ரி பாணியில கட்டைவிரல் பேஸ் (கட்டைவிரலால தடித்த ஸ்ட்ரிங்குகள்ல தாளம் போடுறது) வாசிக்கப் பழகுறேன். ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார், 12-53 (ஸ்ட்ரிங் தடிமன்) செட். சிக்கல் ரெண்டு.

ஒண்ணு, ஆட்காட்டி விரல் மெலடியைத் தொட்டதும் கட்டைவிரலோட தாளம் உடையுது. ரெண்டாவது, ஐப்பசி மழைக்கு அப்புறம் 12வது ஃப்ரெட்ல (நெக்குல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) ஆறாவது, அதாவது ரொம்பத் தடித்த, ஸ்ட்ரிங்கோட உயரம் 3.5 மி.மீ. ஆயிருக்கு. ஸ்ட்ரிங்கும் ரெண்டே வாரத்துல துருப்பிடிக்குது. அமெரிக்க கன்ட்ரி கலைஞர் மேபெல் கார்ட்டர் 1928ல வாங்கின கிப்சன் எல்-5ஐத்தான் வாழ்நாள் முழுக்க வாசிச்சாங்க. கடலோரத்துல நம்ம கிட்டாரை அப்படிக் காப்பாத்த முடியுமா?

தக்கலை_மரவேலை

முடியும் மக்களே. முதல்ல கிட்டாரைச் சரி பண்ணுங்க, விரலுக்கு அப்புறம் வரலாம். 3.5ல எந்த விரலும் தடுமாறத்தான் செய்யும். 2.3 முதல் 2.5 வரை இருந்தாப் போதும்.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தைக் குடிச்சு மேல்பலகை உப்பும், ஸ்ட்ரிங்கைப் பலகையில கட்டி வைக்கிற பிரிட்ஜ் மேலே எழும்பும், ஸ்ட்ரிங்கும் கூடவே ஏறும். அதனால உடனே சாடிலை (பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங்கைத் தாங்குற துண்டு) தேய்ச்சிராதீங்க. பங்குனி வெயில்ல பலகை இறங்கினதும் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுல அடிச்சு இரையும். தேய்ச்ச சாடில் திரும்ப வளராது.

ரெண்டு வாரம் கேஸுக்குள்ள மூடி வையுங்க. 100 கிராம் சிலிக்கா ஜெல்லை ரெண்டு துணிப்பையில கட்டி, சின்ன ஈரப்பதமானி ஒண்ணும் போடுங்க. 45 முதல் 55 சதவீதம் வரணும். அதுக்குக் கீழே போனா ஜெல்லை எடுத்துருங்க, பலகை வெடிக்கும்.

அப்புறம் நெக். முதல் ஃப்ரெட்ல கேப்போ (ஸ்ட்ரிங்கை அமுக்குற கிளிப்) மாட்டி, 14வது ஃப்ரெட்ல ஆறாவது ஸ்ட்ரிங்கை அமுக்கிக்கிட்டு 7வது ஃப்ரெட்ல இடைவெளி பாருங்க. சாதாரண ஏ4 தாள் ரெண்டு சேர்ந்தா ஏறக்குறைய 0.2 மி.மீ., அது உரசாம நுழைஞ்சாப் போதும். இடைவெளி அதிகம்னா ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி) ஆலன் கீயால வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, மறுபடி ட்யூன் பண்ணி அளங்க. ராடு நெக் வளைவுக்குத்தான். ஸ்ட்ரிங் உயரத்தைக் குறைக்க அதைத் திருகித் திருகித்தான் பல பேர் நெக்கைக் கெடுக்கிறாங்க.

இதெல்லாம் முடிஞ்சும் உயரம்னா சாடிலோட அடிப்பக்கத்தைத் தேயுங்க. 12வது ஃப்ரெட்ல 0.5 மி.மீ. இறங்க சாடில்ல 1 மி.மீ. போகணும். பிரிட்ஜோட பின் விளிம்புல தாள் நுழைஞ்சா பசை விட்டிருக்குன்னு அர்த்தம். அன்னைக்கே ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி ரிப்பேருக்குக் கொண்டுபோங்க.

பார்வதிபுரம்_தம்ப்பிக்

கட்டைவிரலுக்கு வாறேன். கன்ட்ரி கிட்டார் கலைஞர் மெர்ல் ட்ராவிஸ் அமெரிக்காவுல கென்டக்கியோட மூலன்பர்க் கவுன்டிக்காரர். மோஸ் ரேகர், ஐக் எவர்லி மாதிரி அங்கத்த ஆட்கள்கிட்ட பார்த்துப் படிச்ச முறை இது. அவர் பெரும்பாலும் கட்டைவிரல், ஆட்காட்டி ரெண்டை வச்சே வாசிச்சார். அவருக்கு அப்புறம் வந்த கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் கூடுதல் விரலைச் சேர்த்தார். நீங்க ரெண்டோட நில்லுங்க.

சி கார்ட் பிடிச்சு, மெட்ரோனோம் 60ல, கட்டைவிரல் மட்டும் 5-4-6-4 (ஸ்ட்ரிங் எண்கள்). ஆறாவது ஸ்ட்ரிங் வரும்போது மோதிர விரல் அஞ்சாவதுல இருந்து ஆறாவதோட 3வது ஃப்ரெட்டுக்கு நகரணும். பக்கத்து ஆளோட பேசிக்கிட்டே இது ஓடணும். அது வரைக்கும் மெலடியே வேண்டாம்.

அப்புறம் முதல் தட்டுல ரெண்டாவது ஸ்ட்ரிங்கைக் கட்டைவிரலோட சேர்த்துக் கிள்ளுங்க. அது நிலைச்சதும், ரெண்டாவது தட்டுக்கும் மூணாவது தட்டுக்கும் நடுவுல ஆட்காட்டி. உங்களுக்கு உடையுறது இந்த இடத்துலதான். ஆட்காட்டி மேலே இழுக்கும்போது மணிக்கட்டும் எழும்புது, கட்டைவிரல் ஸ்ட்ரிங்கைத் தேடுது. உள்ளங்கையோட ஓரத்தைச் சாடில் மேல ஊன்றி, 6, 5, 4ஐ மட்டும் லேசா மூடுங்க. கொஞ்சம் முன்னால நகர்ந்தாலும் சத்தம் செத்துப்போகும்.

கோயில் பாடகர் குழுவுல ஸ்ட்ரம் பண்ணிப் பழகின கைக்கு மேபெல் கார்ட்டரோட முறை இன்னும் எளிது: கட்டைவிரல் தடித்த பேஸ் ஸ்ட்ரிங்குகள்ல மெலடியை எடுக்கும், ஆட்காட்டி நகம் மெல்லிய ஸ்ட்ரிங்குகளை வருடும்.

தம்ப் பிக் (கட்டைவிரல்ல மாட்டுற வளையம்) இறுக்கமா இருந்தா வெந்நீர்ல முக்கி வளையுங்க. தீயில காட்டாதீங்க, செல்லுலாய்டு குப்புன்னு பிடிக்கும்.

முட்டம்_கரை

துருவைப் பத்தி யாரும் சொல்லல. கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங் விலை கூடுதல், ஆனா கரையில அதுதான் லாபம். வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கத்தையும் உலர்ந்த பருத்தித் துணியால துடைங்க, உப்பு அங்கதான் தங்குது. தேங்காயெண்ணெய் கண்டிப்பா வேண்டாம். சுற்றுக்கம்பியோட இடுக்குல புகுந்து தூசியைப் பிடிக்கும், பேஸ் மந்தமாயிரும்.

குளச்சல்_ஆறுகம்பி

நன்றி அண்ணன்மாரே. எஃப் கார்ட்ல பேஸ் எப்படி? பாரே (ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்குறது) பிடிச்சா கை நோகுது.

பார்வதிபுரம்_தம்ப்பிக்

முழு பாரே வேண்டாம். இடது கட்டைவிரலை நெக்குக்கு மேலால வளைச்சு ஆறாவதோட முதல் ஃப்ரெட், ஆட்காட்டி 1, 2ல முதல் ஃப்ரெட், நடுவிரல் மூணாவதோட 2, மோதிரம் நாலாவதோட 3. ட்ராவிஸும் கட்டைவிரலை இப்படித்தான் போட்டார். பேஸ் 6-4-6-4. அஞ்சாவது ஸ்ட்ரிங்கைக் கட்டைவிரல் நுனி தொட்டு ஊமையாக்கினாப் போதும். நட் (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்குற துண்டு) அகலம் 43 மி.மீ.ன்னா எட்டும். 45க்கு மேலன்னா மணிக்கட்டை நோகடிக்காதீங்க, சின்ன பாரேயோட 4-3-4-3 வாசிங்க.