பில்லியனுக்குத் தமிழ்: ஒலியைப் பார்ப்பதா, மதிப்பைப் பார்ப்பதா?

கலைச்சொல் பட்டியலில் ‘பில்லியன் = நூறு கோடி’ என்று ஒரே வரியில் முடிப்பதை ஏற்க முடியவில்லை. மூலம் ஆங்கிலமானால் சரி. ஜெர்மனோ பிரெஞ்சோ ஆனால் மதிப்பு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

இத்தாலியத்தில் ஆயிரம் ‘மில்லே’. பெருமை காட்டும் விகுதி சேர, ‘பெரிய ஆயிரம்’ என்று மில்லியன் பிறந்தது. பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா ஷூக்கே 1484இல் எழுதிய சுவடியில் பில்லியன் என்பது மில்லியனின் இருபடி; 1-க்குப் பின் 12 சுழியம். இரண்டைக் குறிக்கும் ‘பி’ என்ற முன்னொட்டுக்கு இதுவே பொருத்தம். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களில் ஒரு சாரார் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்து, அந்தப் பெயரை 9 சுழியத்துக்கு வைத்தார்கள். அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் 1961இல் 12 சுழியத்தையே சட்டப்படி உறுதி செய்தது. பிரிட்டிஷ் அரசோ 1974இல் 9-க்கு மாறியது.

ஜெர்மனில் 9 சுழியம் ‘மில்லியார்டெ’; ஸ்பானியத்தில் பெரும்பாலும் ‘ஆயிரம் மில்லியன்’. ரஷ்ய மொழியில் மில்லியார்டுக்கு அடுத்தது நேரே டிரில்லியன், அதற்கு 12 சுழியம். போர்த்துகீசியம் ஒரே மொழிதான். ஆனாலும் பில்லியனுக்குப் போர்ச்சுகலில் 12 சுழியம், பிரேசிலில் 9.

ஜெர்மன் அறிக்கையில் ‘3,5 பில்லியோனென்’ என்று வந்தால் இரண்டு இடத்தில் கால் இடறும். அந்தக் காற்புள்ளி நம் தசமப் புள்ளி. சொல்லுக்கு 12 சுழியம். ஆக, 3.5 லட்சம் கோடி. ஒலியை நம்பினால் 350 கோடி என்று எழுதிவிடுவோம்.

9 சுழியத்துக்கு நிகற்புதம் என்ற பழைய எண்ணுப்பெயரை மீட்கலாம் என்பதற்கும் உடன்பாடில்லை. அந்த வரிசைச் சொற்களின் மதிப்பே நூலுக்கு நூல் மாறுகிறது: அற்புதம் என்ற எண்ணுப்பெயரின் மூலமான ‘அர்புத’ யஜுர்வேதத்தில் ஒரு கோடி, ஆரியபட்டரிடம் பத்துக் கோடி. ஐரோப்பியர் விழுந்த அதே பள்ளம்.

என் முன்மொழிவு: கலைச்சொல் பட்டியலில் மூலமொழி, சுழிய எண்ணிக்கை, தமிழ் என மூன்று நெடுவரிசைகள் இருக்கட்டும். 9 சுழியமென்றால் எண்ணை 100ஆல் பெருக்கிக் ‘கோடி’. 12 என்றால் எண்ணை மாற்றாமல் ‘லட்சம் கோடி’. இலங்கை வாசகருக்கு மில்லியன், பில்லியனே பழக்கம். அங்கே 9 சுழியத்துக்கு மட்டும் பில்லியன் நிற்கலாம்.

மென்பொருளில் எண்ணை நிரலும் சொல்லை நாமும் தரும் தொடர்களில் கவனம் தேவை. ‘நூறு கோடி’ என்று மொழிபெயர்த்தால் திரையில் ‘3.5 நூறு கோடி’ என்று வந்து நிற்கும். பெருக்கலை நிரலிலேயே செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அது முடியாத இடத்தில் பில்லியன் என்றே விடுவதுதான் பிழையற்றது.