பிராட்பேண்ட் + டிவி காண்ட்ராக்ட் முடியுது, 66 பவுண்டு 91 ஆகுமாம். லண்டன்ல எப்படிப் பேசிக் குறைக்கிறது?

ஹாரோவாசி

எல்லாருக்கும் வணக்கம். பிராட்பேண்டும் டிவியும் ஒரே கம்பெனி, மாசம் 66 பவுண்டு. மே 31-ஓட காண்ட்ராக்ட் முடியுது. ஜூன்ல இருந்து 91 ஆகும்னு மெயில் வந்திருக்கு. பேக்கேஜ்ல இருக்கிறது: 500 எம்பிபிஎஸ் ஃபைபர், அன்லிமிடெட் கால்ஸோட லேண்ட்லைன், சினிமா, ஸ்போர்ட்ஸ். வீட்ல நாலு பேர். தமிழ் சேனல் எல்லாம் ஆப்லதான் பாக்குறோம். போன் பண்ணினா "79, இதுதான் கடைசி"ங்கிறாங்க. இதுக்குக் கீழ கொண்டுவர யார்கிட்ட, என்ன பேசணும்? இல்ல, பேசாம மாறிடலாமா?

பவுண்டுக்கணக்கு

79-க்குத் தலையாட்டாம விட்டீங்களே, அதுவே நல்லது. முதல்ல சொல்ற விலை கடைசி விலையா இருக்கிறது அபூர்வம்.

அந்த மெயிலை மறுபடி எடுத்துப் பாருங்க. காண்ட்ராக்ட் முடியறதுக்கு 10-ல இருந்து 40 நாளைக்குள்ள இப்படி ஒரு அறிவிப்பு அனுப்பணும்னு 2020 பிப்ரவரியில இருந்து ஆஃப்காம் (இங்க தொலைத்தொடர்புக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அமைப்பு) விதி இருக்கு. முடியுற தேதி, அதுக்கப்புறம் ஆகப்போற விலை, நோட்டீஸ் காலம், அவங்ககிட்ட இருக்கிற நல்ல டீல், புது வாடிக்கையாளருக்கு என்ன விலை, எல்லாம் அதுல இருக்கணும். புது ஆளுக்கான அந்த விலைதான் உங்க பேரத்துக்கு அடித்தளம். அவங்களே எழுதிக் கொடுத்த எண், மறுக்க முடியாது.

போன் எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க போஸ்ட்கோடைப் போட்டு, வேற ரெண்டு கம்பெனி விலையைத் தாள்ல எழுதி வச்சுக்கோங்க. வேகம், மாசக் கட்டணம், ஆரம்பக் கட்டணம், எத்தனை மாசம், ஏப்ரல்ல எவ்வளவு ஏறும்னு அஞ்சும் வேணும். உங்க லைன் ஓப்பன்ரீச்ங்கிற பொதுக் கம்பி நெட்வொர்க்கோட ஃபைபரா இருந்தா அதே கம்பி வழியா பல கம்பெனி சேவை தருது. பெரும்பாலும் ரௌட்டர் மட்டும்தான் மாறும். அதனால "மாறிடுவேன்"னு நீங்க சொல்றது வெத்து மிரட்டல் இல்லைனு எதிர்முனையில இருக்கிறவருக்கும் தெரியும்.

அடுத்து, தேவையில்லாததை நீங்களே வெட்டுங்க. 4கே வீடியோவுக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேக்கிறதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு டிவியில ஒரே நேரத்துல ஓடினாக்கூட 60. நாலு பேர் வீட்டுக்கு 150 தாராளம். பெரிய பெரிய ஃபைலா ஏத்தி இறக்குற வேலை இருந்தா மட்டும் 500 வச்சுக்கோங்க. மொபைல்ல அன்லிமிடெட் கால்ஸ் இருக்கிறப்போ லேண்ட்லைன் கால்ஸ் பேக் எதுக்கு?

போன் பண்ணும்போது மெனுவுல "சேவையை நிறுத்த" அல்லது "விலக யோசிக்கிறேன்"ங்கிற எண்ணை அழுத்துங்க. பில் விசாரிக்கிற பிரிவுல இருக்கிறவருக்குத் தள்ளுபடி கொடுக்கிற அதிகாரம் குறைவு. விலகுறவங்களைத் தக்கவைக்கிற ரிடென்ஷன் டீம்கிட்டதான் வேற பட்டியல் இருக்கும். பேச்சு நீளமா வேண்டாம்:

"காண்ட்ராக்ட் மே 31 முடியுது. இதே தெருவுல 150 எம்பிபிஎஸ் 31 பவுண்டுக்குக் கிடைக்குது. உங்க புது வாடிக்கையாளர் விலையும் கையில இருக்கு. இருக்கணும்னுதான் நினைக்கிறேன், எவ்வளவுக்குத் தர முடியும்?"

சொல்லிட்டு நிறுத்திடுங்க. அமைதியை நீங்க நிரப்பாதீங்க. மூணாவது சேனல் பேக் இலவசம்னு இழுத்தா, "அது வேண்டாம், மாசத் தொகையை மட்டும் சொல்லுங்க"ன்னு திரும்பத் திரும்ப அங்கேயே கொண்டுவாங்க. சரிவரலைன்னா "யோசிச்சுச் சொல்றேன், இந்த ஆஃபரை என் கணக்குல குறிச்சு வைங்க"ன்னு சொல்லி வச்சிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு வேற ஒருத்தர் எடுப்பார், திரையில வேற ஆஃபர் இருக்கும். ஆர்வம் இருந்தா வெப்சாட்லயும் கேளுங்க, பேசினது எழுத்துல மிஞ்சும்.

கம்பியும்பெட்டியும்

மேலே சொன்னது சரி. டிவி விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சேர்க்கிறேன்.

2024 செப்டம்பர் 12 முதல் ஒன் டச் ஸ்விட்ச் என்ற கம்பெனி மாறும் முறை நடைமுறையில் இருக்கிறது. புதுக் கம்பெனியில் ஆர்டர் போட்டால் போதும், பழைய பிராட்பேண்டையும் லேண்ட்லைனையும் நிறுத்துவது அவர்கள் பொறுப்பு. மாறும் நாளுக்குப் பிறகு நோட்டீஸ் காலம் என்று சொல்லிப் பழைய கம்பெனி காசு வாங்கக்கூடாது. ஆனால் டிவி இதில் சேராது. அதைத் தனியாக நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். உங்கள் டிவி கம்பெனி ஸ்கை என்றால் 31 நாள் நோட்டீஸ். மறந்தால் இணையம் ஒரு கம்பெனியில், டிவி பில் இன்னொரு கம்பெனியில் என்று இரண்டும் ஓடும். அதோடு, சேர்த்து வாங்கியதற்கான தள்ளுபடி போய்விட்டால் தனி டிவியின் விலை கூடலாம்.

மாறாக, பிராட்பேண்டை மட்டும் நீங்களே முந்திக்கொண்டு ரத்து செய்யாதீர்கள். இடையில் இணையம் இல்லாமல் போகும், லேண்ட்லைன் எண்ணும் கைவிட்டுப் போகலாம்.

இன்னொன்று. பிராட்பேண்டுக்கும் டிவிக்கும் முடிவுத் தேதி ஒன்றுதானா என்று பாருங்கள். நடுவில் போனில் ஒரு சேனல் பேக் சேர்த்திருந்தால், அன்றிலிருந்து டிவிக்குப் புதிய 18 அல்லது 24 மாதம் தொடங்கியிருக்கக்கூடும். அப்படி இருந்தால் விலகல் கட்டணம் வரும். புதுக் கம்பெனியில் ஆர்டரைத் தொடங்கியதும் பழைய கம்பெனி உங்களுக்கு ஒரு தகவல் அனுப்பும். பிராட்பேண்டுக்கான விலகல் கட்டணம் எவ்வளவு, மற்ற சேவைகள் என்னவாகும் என்பது அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மாற்றத்தை உறுதி செய்யுங்கள்.

ஸ்போர்ட்ஸ் பேக்கை ஆண்டு முழுக்கச் சுமக்காதீர்கள். பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிந்துவிடும். கால்பந்து மட்டுந்தான் பார்ப்பீர்கள் என்றால், மாதக் கணக்கில் எடுத்து நிறுத்தும் பாஸ் வேண்டிய மாதங்களுக்குப் போதும்.

தமிழ் சேனல்களை ஆப்பில் பார்ப்பதாகச் சொன்னீர்கள். டிவி பெட்டியை எடுத்துவிட்டால் டிவி லைசென்ஸும் (டிவி பார்க்க வீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணம்) வேண்டாம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், எந்தக் கருவியில் பார்த்தாலும், ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். ஒளிபரப்பான பிறகு எடுத்துப் பார்க்கும் சீரியலுக்கும் படத்துக்கும் வேண்டாம், பிபிசியின் ஐபிளேயர் ஆப் மட்டும் விதிவிலக்கு, அதற்கு எப்போதும் வேண்டும். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. இப்போதைய கட்டணத்தைப் பார்த்து உங்கள் கணக்கில் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரோவாசி

ரெண்டு பேருக்கும் நன்றி. டிவியை முழுசா எடுத்துட்டு பிராட்பேண்ட் மட்டும்னு கேட்டேன். 150 எம்பிபிஎஸ், 30 பவுண்டு, 24 மாசம், ஒவ்வொரு ஏப்ரலும் 3 பவுண்டு ஏறும்கிறாங்க. வெளியில 31, ரெண்டு வருஷமும் ஏறாது. 30-தானே குறைவு?

பவுண்டுக்கணக்கு

இல்லைங்க. 24 மாசத்தையும் கூட்டிப் பாருங்க.

ஜூன் முதல் மார்ச் வரை 10 மாசம் × 30 = 300
ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை 12 மாசம் × 33 = 396
ஏப்ரல், மே 2 மாசம் × 36 = 72
மொத்தம் 768

வெளியில 31 × 24 = 744. 30-னு சொன்னது உண்மையில சராசரி 32. ஏப்ரலுக்கு முந்தின மாசம் சேர்ந்தா முதல் ஏற்றம் உடனே வந்துடும், கணக்கு இன்னும் மோசமாகும்.

2025 ஜனவரி 17-க்கு அப்புறம் போடுற காண்ட்ராக்ட்ல ஏற்றத்தைப் பவுண்டு பென்ஸ்ல முன்னாடியே சொல்லியாகணும், பணவீக்கம் கூட்டல் இத்தனை சதவீதம்னு எழுத முடியாது. அதனாலதான் இப்படித் துல்லியமா கூட்டிப் பாக்க முடியுது. ஏற்றத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேக்காதீங்க, அது விதிமுறையிலேயே அச்சாகியிருக்கும், போன்ல இருக்கிறவரால மாத்த முடியாது. ஆரம்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்க. 29-ல தொடங்கினா 290 + 384 + 70, சரியா 744. ஆக 29-க்குத் தந்தா சமம், 28-க்குத் தந்தா இருக்கலாம், 30-லேயே நின்னா கிளம்பிடுங்க. வெளியில ஆரம்பக் கட்டணம் ஏதும் இருந்தா அதை 744-ஓட கூட்டிக்கோங்க.

கம்பியும்பெட்டியும்

ஒப்புக்கொள்வதற்கு முன் காண்ட்ராக்ட் சம்மரியை (ஒப்பந்தத்தின் முக்கிய விவரச் சுருக்கம்) மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கட்டுப்படுவதற்கு முன்பே அதைத் தர வேண்டும் என்பது 2022 ஜூனில் வந்த விதி. போனில் சொன்ன விலை, மாதங்கள், குறைந்தபட்ச வேகம் மூன்றும் அதில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். "தள்ளுபடி 12 மாதத்துக்கு மட்டும்" என்ற வரி சிறிய எழுத்தில் ஒளிந்திருப்பது உண்டு.

போனிலோ இணையத்திலோ போட்ட காண்ட்ராக்டை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். பயன்படுத்திய நாட்களுக்கான பணத்தை மட்டும் கேட்பார்கள். வெளிக் கம்பெனியில் ஆர்டர் போட்ட பிறகு பழைய கம்பெனி 28-க்கு இறங்கி வந்தால், இந்த 14 நாள் உங்களுக்குக் கைகொடுக்கும். லைன் மாறும் நாளுக்கு முன்பே அந்த ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பேரத்துக்கு முன் "சோஷியல் டாரிஃப் இருக்கிறதா" என்று கேளுங்கள், அது அவர்களுக்கான குறைந்த விலைத் திட்டம். தாமாக அதிகம் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் வரும்.

விலகினால் பழைய ரௌட்டரும் டிவி பெட்டியும் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. திருப்பி அனுப்பும் பை வந்ததும் ரிமோட், பவர் கேபிள் எல்லாம் போட்டு அனுப்பி, போஸ்ட் ஆபீஸ் ரசீதைக் கடைசி பில் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.