மறுவாசிப்பில் கண் வழுக்குகிறது, புத்தகமும் கழல்கிறது: என்ன செய்யலாம்?

பக்கமடிப்பு கேட்டது:

பிடித்த நாவலைத் திரும்ப எடுத்தால் கதை தெரியும் என்பதாலேயே கண் வரிகள் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஐம்பது பக்கம் தாண்டியும் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. முதல் தடவை போட்ட அடிக்கோடுகள் வேறு, கண்ணை அங்கேயே இழுக்கின்றன. புத்தகமும் தாங்கவில்லை; முதுகு விரிசல் விட்டு நடுவில் தாள்கள் கழன்று வருகின்றன. இதற்கிடையே படிக்காமல் கிடக்கும் புது நூல்கள் ஒரு பக்கம். மறுவாசிப்பை ஒழுங்காகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? 'ரசித்துப் படியுங்கள்' என்ற பதில் வேண்டாம், செய்முறை வேண்டும்.

மெல்லவாசி:

கண் வழுக்குவதைக் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். அடுத்து வரும் சொல்லை ஊகிக்க முடிந்தால் கண் அதில் குறைந்த நேரமே நிற்கும், சில சொற்களை நிற்காமலே தாண்டும். ஏற்கெனவே வாசித்த பகுதியில் இது இன்னும் கூடும். ஆகவே 'நிதானமாகப் படி' என்று மனசுக்குக் கட்டளை போட்டு ஒன்றும் ஆகாது. கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது இது: ஒவ்வொரு காட்சியிலும் 'இந்த இடத்தில் யாருக்கு என்ன தெரியாது?' என்று மட்டும் பாருங்கள். ஒரு பாத்திரம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து சன்னலைச் சாத்தப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாசிப்பில் அது வெறும் அசைவு. அவள் எதை மறைக்கிறாள் என்று தெரிந்த பிறகு சன்னலைச் சாத்தியதுதான் பதில். இப்படிப்பட்ட இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால் வேகம் தானாகக் குறையும். ஒரு வாசிப்புக்கு ஒரு வேலைதான். பாத்திரம், காலம், நடை என்று மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது: கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு உடனே முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். முதல் தடவை பெயர்களைப் பிடிப்பதிலேயே போன பக்கங்கள் அவை. முடிவு கையில் சூடாக இருக்கும்போது அங்கே என்னென்ன விதைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பிறகும் கண் ஓடினால் உட்காரும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது சொல்லைத் தாண்ட முடியாது.

இடைவெளி எவ்வளவு என்று வருடக்கணக்கு சொல்ல மாட்டேன். கதையைச் சுருக்கிச் சொல்ல முடிகிறது, ஆனால் எந்த அத்தியாயம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை என்றால் நேரம் வந்துவிட்டது.

பக்கமடிப்பு:

நன்றி. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்கிறார்களே?

மெல்லவாசி:

2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள், துப்பறியும் கதைகளிலும்கூட. பிறகு வந்த சில ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகவும் சொல்லின. எப்படியும் மறுவாசிப்புக்கு அது பொருட்டில்லை. திடுக்கிடலை மட்டும் நம்பி எழுதப்பட்ட நூல் என்றால் நாலு பக்கத்திலேயே தெரிந்துவிடும், வைத்துவிடலாம்.

ஓரக்குறிப்பு:

அடிக்கோட்டுக்கு வருகிறேன். அடிக்கோடே போடாதீர்கள், ஓரத்தில் சின்னதாக ஒரு செங்குத்துக் கோடு போதும். வரிக்கு அடியில் கோடு இருந்தால் அடுத்த தடவை கண் அதைத்தான் முதலில் படிக்கும். இரண்டாம் வாசிப்புக்குக் கோட்டுக்குப் பதில் புள்ளி, மூன்றாவதற்குச் சின்ன வட்டம். எந்தக் குறி எந்த வருடம் என்று கடைசி வெற்றுத் தாளில் எழுதி வையுங்கள். முதலில் குறித்ததும் பிறகு குறித்ததும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம். அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில் தனிச் சுகம் இருக்கிறது.

2பி பென்சிலை அழுத்தாமல் பிடித்தால் தாளில் பள்ளம் விழாது. கடினப் பென்சிலால் அழுத்தினால் அழித்த பிறகும் தடம் நிற்கும். ஹைலைட்டர் மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும், பிறகு நிறமும் மங்கும். ஒட்டுத்தாளை நிரந்தரமாக விட்டால் பசை தங்கிவிடும், பழைய தாளில் பிய்க்கும்போது எழுத்தோடு உரிந்து வரலாம்.

தனித்தாளில் குறிப்பு எடுப்பவர்கள் பக்க எண்ணை மட்டும் எழுதாதீர்கள். பதிப்பு மாறினால் எண் மாறும். அத்தியாய எண், பத்தியின் முதல் மூன்று சொற்கள் என்று எழுதினால் எந்தப் பதிப்பிலும் தேடிப் பிடிக்கலாம்.

கிண்டிலில் படிப்பவர்களுக்கு ஒரு வசதி. கருவியில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பு இருக்கும். ஒவ்வொரு குறிப்பும் தேதியோடு அதில் சேரும். நூலில் குறியை அழித்தாலும் அந்தக் கோப்பில் போகாது. அதைக் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு, நூலில் உள்ள குறிகளை அழித்துச் சுத்தமாக மறுபடி படிக்கலாம். மற்றவர்கள் குறித்ததைக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள், அது பெரிய தொல்லை.

நூல்கட்டு:

புத்தகத்தின் உடம்பைப் பற்றி. மேல்விளிம்பில் முதுகை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். தாள்கள் மடிப்பு மடிப்பாக, சிறு கற்றைகளாகத் தெரிந்து, கற்றையின் நடுவில் நூலும் தெரிந்தால் தைத்த கட்டு. அது நெடுநாள் தாங்கும். தாள்கள் தனித்தனியாகப் பசையில் நின்றால், பசை இறுகியதும் முதுகு வெடிக்கும். உங்களுடையது இதுதான்.

ஒரு தாள் மட்டும் கழன்றால் செல்லோடேப் கூடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகி, கசிந்து, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். கடைசியில் பிளாஸ்டிக் உதிர்ந்து கறை மட்டும் மிஞ்சும். வெள்ளைப் பசை எடுங்கள், அதாவது பிவிஏ. தாளின் உள்விளிம்பில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதியைக் கழிவுத்தாளால் மூடி, தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள். இடத்தில் வைத்து வெளிவிளிம்பை மற்ற தாள்களோடு சமமாக்கி, இருபுறமும் பட்டர் பேப்பர் செருகி, பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பசை கூடினால் தாள் அலையலையாக நெளியும்.

கொத்தாகக் கழன்றிருந்தால் வீட்டு வேலை வேண்டாம். கட்டுபவரிடம் கொடுக்கும்போது பக்கவாட்டில் துளைபோட்டுத் தைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உள் ஓரம் குறுகிய புத்தகத்தை அப்படித் தைத்தால் வரியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும், பிறகு தட்டையாகவும் விரியாது. தாள் பழுத்து, மடித்தால் முறிகிற நிலை என்றால் ஒட்டவே வேண்டாம், பசைக்கோட்டின் ஓரத்திலேயே முறியும். வேறு பிரதி வாங்கிப் படியுங்கள்.

புதுப் பிரதி வந்ததும் முதுகை மேசையில் ஊன்றி இரு அட்டைகளையும் இருபுறம் சாய்த்துவிடுங்கள். முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாற்றி மாற்றி, மடிப்பை விரலால் லேசாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். நடுவில் சடாரென்று விரித்தால் முதல் நாளே பசை வெடிக்கும்.

ஓரக்குறிப்பு:

படிக்காத அடுக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று புதுசுக்கு ஒரு பழசு என்று வைத்தால் சரியாக வரும்.

மெல்லவாசி:

கணக்கு வைத்தால் பழசு கடமையாகிவிடும் ஐயா. நேரத்தைப் பிரிப்பது மேல்: மூளை தெளிவாக இருக்கும்போது புதுசு, தூங்கப்போகும் முன் பழசு. பாதியில் தூங்கினாலும் கதை விட்டுப்போகாது. கட்டுரை, கவிதை, சிறுகதைத் தொகுப்பு என்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நாவலின் முதல் மறுவாசிப்பை மட்டும் முழுசாக முடித்துவிடுங்கள், பிடித்த அத்தியாயங்களைப் பொறுக்குவது அதற்குப் பிறகு.