ஆயர் ஈத்தாம் சொந்தங்கள் (பினாங்கு குடும்ப குரூப்)

செல்வி சித்தி: இந்தப் படத்தப் பாருங்க, பின்பக்க லோங்காங்குல (சாக்கடையில) கொமோடோ உடும்பு வந்துருச்சாம்!! பிள்ளைங்கள வெளிய விடாதீங்க. மத்த குரூப்புக்கும் அனுப்புங்க 🙏

மணி: ஐயோ

சரவணன்: சித்தி, யாருக்கும் அனுப்பாதீங்க. கொமோடோ இந்தோனேசியாவுல ஃப்ளோரெஸ் தீவுலயும் பக்கத்துத் தீவுங்கள்லயும் மட்டும்தான். இது நீர் உடும்பு, பியாவாக் ஆயிர். மூக்குத் துவாரம் மூஞ்சி நுனிக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க. காட்டுல மரமேறுற கிளௌடட் உடும்பு வகைன்னா அந்தத் துவாரம் கண்ணுக்கும் நுனிக்கும் நடுவுல, கீறல் மாதிரி இருக்கும்.

முருகன் மாமா: எவ்ளோ நீளம்? உடும்பு எண்ணெய் முட்டிக்கு நல்லதுன்னு சொல்வாங்க.

சரவணன்: மாமா வேணாம். மலேசியாவுல 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாம பிடிச்சா குற்றம்.

லலிதா அண்ணி: முட்டிக்கு டாக்டர் எடையக் குறைக்கச் சொன்னாரு மாமா 😄

முருகன் மாமா: உன்ன யாரு கேட்டா.

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை படையலுக்கு பெரிய ரைஸ் குக்கர் யாரு கொண்டு வர்றா?

சரவணன்: பெரியம்மா, அந்தப் படையல்லதான் வினையே. போன தடவ கோழிக்குடல் எல்லாம் லோங்காங்குல போட்டாங்க. அழுகுன வாடைய உடும்பு நாக்கால பிடிச்சிரும், எலியும் சேரும், அதையும் தின்ன வரும். இந்தத் தடவ ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டி, குப்பை லோரி வர்ற நாள் வரைக்கும் ஐஸ்பெட்டியில வைங்க.

செல்வி சித்தி: என் ஐஸ்பெட்டியிலயா??

மணி: சித்தி பெட்டியில போன தீபாவளி முறுக்கே இன்னும் இருக்கு

செல்வி சித்தி: ஒழுங்கா பேசு.

முருகன் மாமா: என் கோழிங்க?

சரவணன்: அரை இஞ்சு கம்பிவலை அடிங்க, கீழ ஒரு அடி புதைங்க. இல்லாட்டி தோண்டிக்கிட்டு உள்ள வரும். முட்டையை அன்னன்னிக்கே எடுங்க. வீட்டுக்குள்ள புகுந்தா உள்கதவ சாத்தி வெளிக்கதவத் திறந்து வைங்க, வழி தெரிஞ்சா தானா போயிரும். மூலையில மடக்கினா வாலால சுழட்டி அடிக்கும், கடிக்கும். போகலன்னா 999, பொதுத் தற்காப்புப் படையக் கேளுங்க. கடிச்சிட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில நல்லா கழுவி, உடனே ஆஸ்பத்திரி.

கவின்: மாமா, தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுல ஸ்கூல் புரொஜெக்ட். கேமரா ட்ராப் (மிருகம் வந்தா தானா படம் எடுக்கிற கேமரா) மரத்துல கட்டினா உடும்பு படத்துல விழுமா?

சரவணன்: முதல்ல பெர்ஹிலித்தான்கிட்ட டீச்சர் அனுமதிக் கடுதாசி வாங்கணும். அப்புறம், அந்தக் கேமரா சூடு வித்தியாசத்த வச்சுத்தான் படம் எடுக்கும். உடும்பு உடம்பு சுத்துப்புற வெப்பத்துக்குப் பக்கத்துலயே இருந்தா சென்சார் கண்டுக்காது. புலிக்குக் கட்டுற உயரத்துல கட்டினா முதுகுக்கு மேலயே பார்த்துக்கிட்டிருக்கும். தரையிலிருந்து 30 செண்டிமீட்டர்ல கட்டு, லேசா கீழ சாய்ச்சு வை. சென்சார நம்பாம, பகல்ல நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கிற மாதிரி போடு. ராத்திரி வேணாம், அது பகல்ல திரியிற பிராணி. எதிர்ல இருக்கிற இலையக் கழிச்சிரு, காத்துல ஆடுனா வெறும் இலைப்படமா வரும். உள்ள சிலிக்கா ஜெல் பை போடு, நம்ம ஈரத்துக்கு லென்ஸ் பனிச்சிரும். எறும்பும் கூடு கட்டும். எரைபோட்டு இழுக்காத. அப்பறம் ஆளக் கண்டா சாப்பாடுன்னு கிட்ட வரும்.

கவின்: பூங்காவுக்குள்ள பந்தாய் கெராச்சுட் கடற்கரையில வைக்கலாமா?

சரவணன்: அங்க உடும்பு ஆமை முட்டையத் தோண்டித் தின்னும், நல்ல இடம். ஆனா ஆமை முட்டைப் பொரிப்பகம் பக்கம் போகாத, ஓடை ஓரமா வை.

லலிதா அண்ணி: கவின் மேத்ஸ் டியூஷன் போயிட்டியா

கவின்: 🙃

பெரியம்மா: குக்கர் கேட்டேன்.

மணி: நான் கொண்டு வர்றேன். ஆடு யாரு?

முருகன் மாமா: போன வருசம் நான். இந்த வருசம் பெரியண்ணன்தான்.

பெரியண்ணன்: பார்ப்போம்.