சிங்க்ரோ ரிங்: ஒத்திசைவு வளையமா, மறிவளையமா?

வணக்கம் எல்லாருக்கும், பழைய கார் பாகங்களுக்கு தமிழ்ப் பேரு வைக்கிற நம்ம பட்டியல்ல, கியர் மாத்தும்போது வேகத்தை சமன் பண்ற ரிங்கைப் பத்தி சார் எழுதினது இது:

> சிங்க்ரோனைசர் ரிங்குக்கு ஒத்திசைவு வளையம்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாமே. கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே புழங்குற சொல்தான், யாருக்கும் குழப்பம் வராது.

சார், மத்த சொல்லுக்கெல்லாம் நான் வாயே தொறக்கல, கியர்பாக்ஸுக்கு பல்லிணைப்பெட்டி, கோனுக்கு கூம்பு எல்லாம் சரிதான். ஹப்புக்கு குடம்னு போட்டதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், மாட்டுவண்டி சக்கரத்துல ஆரக்கால் போய் சொருகுற எடத்துக்கு ஆசாரிமாருங்க காலங்காலமா சொல்ற பேரு அது. ஆனா இந்த ரிங்குல மட்டும் அவசரப்பட வேணாம்.

ஏன்னா இப்ப புதுச்சேரியில நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுல ஒரு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் நிக்குது, 1296 சிசி, 1967லேந்து 70 வரைக்கும் வந்த மாடல். மூணாவதுலேந்து ரெண்டாவதுக்கு எறக்கும்போது கர்ருனு கடிக்குது. ஒருத்தர் கிளட்ச் பிளேட் மாத்துன்னாரு, இன்னொருத்தர் கியர்பாக்ஸை எறக்கிடலாம்னாரு. கடலூர் முதுநகர் பக்கம் ஒரு பெரியவர் இருக்காரு, மெட்ராஸ்ல 1961லேந்து தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டிங்கள்ல கை பழகினவரு. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டு சேசிஸ்லேந்து பொறந்ததுதான், கியர்பாக்ஸும் ஒரே குடும்பம், அதனால அவருக்கு இது புதுசு இல்ல. அவர் ஸ்பேனரையே தொடல. இன்ஜினை ஐடிலிங்ல விட்டாரு, கிளட்சை முழுசா மிதிச்சாரு, நாலஞ்சு செகண்ட் சும்மா இருந்துட்டு மெதுவா ரிவர்ஸ்ல போட்டாரு. சத்தமே இல்லாம விழுந்துச்சு. "கிளட்ச் நல்லாத்தான் விடுது, அதுமேல பழி போடாதீங்க"ன்னுட்டாரு.

காரணம் என்னன்னா ரிவர்ஸுக்கு இந்த சிங்க்ரோ ரிங் ஏற்பாடு கெடையாது (இந்த மாடல்ல ஃபர்ஸ்டுக்கும் கெடையாது, 1970ல வந்த மார்க் 4ல தான் ஃபர்ஸ்டுக்கும் குடுத்தாங்க). கிளட்ச் ஒழுங்கா விட்டுச்சுன்னா உள்ள சுத்துற சக்கரங்க கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும், ரிவர்ஸ் அமைதியா விழும். அங்கேயும் கடிச்சா கிளட்ச் ஒட்டுதுன்னு அர்த்தம், அப்ப மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், பெடல் பின் தேய்மானம் இதெல்லாம்தான் மொதல்ல பாக்கணும். நம்ம கடலோர ஈரத்துக்கு கிளட்ச்ல ஊத்துற பிரேக் ஆயில் தண்ணிய உறிஞ்சிக்கிட்டு சிலிண்டர் உள்பக்கத்தை துரு புடிக்க வச்சிடும், அதனால இந்தப் பக்கம் வருஷக்கணக்கா நிறுத்தி வச்ச வண்டிங்கள்ல பாதிக்கு மேல வில்லன் அதுதான்னு நான் சொல்லுவேன். ஆனா இந்த வண்டியில ரெண்டாவது கியர் மட்டும்தான் கடிக்குது, அப்ப சந்தேகம் நேரா அந்த கியரோட ரிங்குக்குத்தான் போவுது. ஆயிலை வெள்ளைத் துணியில வடிச்சுப் பாத்தா தங்கப்பொடி மாதிரி மினுமினுப்பு, காந்தம் வச்சா ஒட்டல. இரும்பு இல்ல, பித்தளை. ரிங்கோட தோல்தான் உரிஞ்சு ஆயில்ல கெடக்கு.

இப்ப சொல்லுக்கு வரேன். அந்த ரிங் பாக்குற வேலை ரெண்டு. உள்பக்கம் சன்னமா வரிவரியா மரை மாதிரி வெட்டியிருக்கும், அது கியரோட கூம்பு மேல அழுந்தும்போது ஆயில் படலத்தை அறுத்துட்டு உரசி வேகத்தை சமன் பண்ணும். இது ஒரு வேலை. அதே உரசல் ரிங்கை ஒரு அரைப் பல்லு அளவுக்குத் திருப்பி, தள்ளிக்கிட்டு வர்ற ஸ்லீவோட (கியரைப் பூட்டறதுக்கு நகர்ந்து வர்ற பல் வச்ச உறை) பல்லுக்கு எதிர்ல தன் பல்லைக் கொண்டாந்து நிறுத்தும். ரெண்டு பக்க வேகமும் ஒண்ணாகுற வரைக்கும் ரயில்வே கேட்டு போட்ட மாதிரி ஸ்லீவ் அங்கேயே நிக்கணும், வேகம் சமமானதும் ரிங் தளர்ந்து வழி விடும். வரி மழுங்கிப் போனா உரசல் கொறையும், ரிங் சரியா திரும்பாது, ஸ்லீவ் நேரா உள்ள பூந்து கியர் பல்லுல மோதும். நாம கேக்குற கர்ர் அதுதான்.

அதாவது கடிக்கறதுக்கு காரணம் ஒத்திசைவு லேட்டானது மட்டும் இல்ல, தடுக்க வேண்டியது தடுக்காம விட்டது. ஒத்திசைவு வளையம்னு படிக்கிற பையனுக்கு இந்தப் பாதி தெரியவே தெரியாது. 1928ல காடிலாக் கார்ல சிங்க்ரோமெஷ் (வேகத்தை சமன் பண்ணி கியரைச் சேக்குற முழு ஏற்பாடு) வந்தப்போ இந்தத் தடுக்குற ஏற்பாடு இல்ல, கூம்பு உரசல் மட்டும்தான், அவசரமா தள்ளினா அப்பவும் கடிக்கும். தடுக்குற ரிங் பின்னாடி வந்தது. ஆகவே ஏற்பாட்டுக்கு ஒரு பேரு, ரிங்குக்கு ஒரு பேரு, தனித்தனியா வேணும். சிங்க்ரோமெஷ்ஷுக்கு உங்க ஒத்திசைவை தாராளமா வச்சிக்கலாம். ரிங்குக்கு நான் சொல்றது மறிவளையம். வழி மறிக்கறது, சாலை மறியல் எல்லாம் நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டிய அவசியமே இல்லாத வார்த்தைங்க.

தடை வளையம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. தடைன்னா எலக்ட்ரிக்கல் பக்கம் ரெசிஸ்டர் வந்து சண்டைக்கு நிக்கும், வேணாம்.

கடலூர்லேந்து

---

தம்பிக்கு வணக்கம்.

மறி என்றால் ஆட்டுக்குட்டியும்தான், அதையும் யாராவது சொல்லித்தானே ஆகணும், நானே சொல்லிட்டேன். இலக்கணத்துல தப்பு இல்ல, ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, மறித்த வளையம், மறிக்கிற வளையம், மறிக்கும் வளையம் மூணுக்கும் பொருந்தும். தேஞ்சு போன ரிங்கை மறித்த வளையம்னு எறந்தகாலத்துல சொல்லிக்கலாம் போல.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். போர்ஷே 356ல 1952லேந்து வேற மாதிரி ரிங், ஒரு எடத்துல வெட்டுவிட்ட ஸ்டீல் வளையம், பித்தளைக் கூம்பு கிடையாது. அதுக்கும் இந்தப் பேரு செல்லுமா? செல்லாதுன்னா பொதுச்சொல்லா வைக்க முடியாதே.

முதலியார்பேட்டையிலேந்து

---

ஐயா,

நல்லாவே செல்லும். அதுல வேகம் வேறுபட்டு இருக்குற வரைக்கும் உரசல் அந்த வெட்டுவிட்ட வளையத்தை விரிச்சுப் புடிக்கும், விரிஞ்ச வளையத்தைத் தாண்டி ஸ்லீவால போக முடியாது, வேகம் ஒண்ணானதும் சுருங்கி விட்டுடும். மறிக்கிற விதம்தான் வேற, வேலை அதே மறிப்புதான். ஒத்திசைவு வளையம்னு சொன்னாலும் செல்லும்தான், நான் மறுக்கல, ஆனா ரிப்பேருக்கு உக்காரும்போது எந்த வார்த்தை கையைப் புடிச்சு சரியான எடத்துக்கு கூட்டிட்டுப் போவுதுங்கறதுதான் என் கட்சி.

இன்னொண்ணு, "கியர் கடிக்குது", "கியர் விழல" ரெண்டையும் நம்ம பட்டியல்ல தனித்தனியா போடணும். மறிவளையம் மறிக்காம விட்டா கடி. மறிச்சுக்கிட்டே நின்னு வழி விடாம அடம் புடிச்சா விழாது. ரெண்டும் வேற நோய். இதுல ஆயிலும் வெளையாடும், ஜிஎல் 5ங்கற தரத்து கியர் ஆயில் இந்தப் பழைய பெட்டிங்களுக்கு ஆகாது, வழவழப்பு ஜாஸ்தி, ரிங்கோட உரசலைக் கெடுக்கும், அதுல இருக்குற கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கவும் வாய்ப்பு உண்டு. ஜிஎல் 4 கேட்டு வாங்கணும். கடையில எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க, டப்பாவைத் திருப்பிப் படிச்சிட்டு காசு குடுங்க.

கடலூர்லேந்து

---

சரிப்பா, ஒத்துக்கறேன். சிங்க்ரோமெஷ்: ஒத்திசைவுப் பல்லிணைப்பு. சிங்க்ரோ ரிங்: மறிவளையம். ஸ்லீவுக்கு உறைன்னு போட்டா தலகாணி உறைதான் ஞாபகம் வருது, நகருறைன்னு வச்சிருக்கேன், ஆட்சேபம் இருந்தா இந்த வாரத்துக்குள்ள எழுதுங்க. கடி, விழாமை ரெண்டையும் கோளாறு வரிசையில சேத்தாச்சு.

அடுத்தது லே ஷாஃப்ட். ஒண்ணு ரெண்டு மூணுல ஊளையிட்டு நாலாவதுல கப்சிப்னு ஆனா பேரிங் போச்சுன்னு சொல்லுவாங்களே, அதைத் தாங்குற தண்டு. நாலாவது கியர்ல இன்ஜின் சுத்து இந்தத் தண்டு வழியா போகாம நேரா வெளிய போயிடும், அதான் அப்ப சத்தம் அடங்குது. துணைத்தண்டுன்னு போட்டிருக்கேன். கவுண்டர் ஷாஃப்டுக்கு என்ன பேருன்னு தனியா யாரும் கேக்காதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.