காத்தடிக்கிற போட் வாங்கணும்: ஸோடியாக்கா, மெர்க்குரியா, பழைய அகிலிஸா?

செம்பனைக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே, நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா மாமாவும் நானும் செண்டரோ ஏரிக்கு தோமான் மீன் பிடிக்கப் போயிடுவோம், இவ்ளோ நாளா கம்பத்துக்காரர் சம்பான் படகுதான் வாடகைக்கு, இப்ப சொந்தமா ஒண்ணு எடுக்கலாம்னு பாத்தா மூணு போட்டும் 3 மீட்டர் சொச்சம், ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. ஸோடியாக் பிவிசி பிளாஸ்டிக் துணி, தரையும் காத்துதான். மெர்க்குரி பிவிசி, அலுமினியத் தரை. அகிலிஸ் செகண்ட் ஹேண்ட், ஹைப்பலான்னு ரப்பர் துணி, பலகைத் தரை. காடி மைவி, சின்னது, போட்ட வீட்டுப் பின்னால தகரக் கொட்டாய்லதான் வைக்கணும். மாமாகிட்ட டோஹாட்சு 9.8 எச்பி டூ ஸ்ட்ரோக் போட் இஞ்சின் ஒண்ணு சும்மா கெடக்கு. எத எடுக்கலாம்?

ஏரிக்கரை:
தம்பி, பேர விடு, துணியப் பாரு. தகரக் கொட்டாய் மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்கும்லா, பிவிசிய அதுல போட்டு வச்சா சீக்கிரம் வெறைக்கும், பசை போட்ட ஒட்டும் விடும். என்னோட மொத போட் (பேரு வேணாம்) இப்படித்தான் ட்ரான்சம் (பின்னால இஞ்சின் மாட்டுற பலகை) பக்கமா வாயப் பொளந்துச்சு, பாதி ஏரியில நானும் பையனும் தோண்டியால தண்ணி எறைச்சுக்கிட்டே கரைக்கு வந்தோம், அதுக்கப்புறம் அவன் ஒரு மாசம் தூண்டிலயே தொடல. பிவிசிதான்னா ஒட்டு சூட்டுல வெல்டு பண்ணதான்னு கேட்டுக்க. வெயிலத் தாங்குறதுல ஹைப்பலான் ராஜா, ஆனா அதச் செஞ்ச டூபோண்ட் கம்பெனி 2010லயே அத நிறுத்திட்டான், இப்ப வர்றது மத்த கம்பெனி துணி, பேரு மட்டும் பழசு.

கிரிக் பையன்:
அண்ணே சொல்றது சரி. இன்னொண்ணு, காத்துத் தரைக்கு 0.8 பார் அழுத்தம் கிட்ட அடிக்கணும், சுத்தி இருக்கற ட்யூபுக்கு 0.25 போதும், கால் பம்புல தரைய முடிக்கறதுக்குள்ள பசியாறினது எல்லாம் செரிச்சுடும். ஆனா மைவின்னா அதான் சுருட்டி உள்ள போகும், அலுமினியம் தகடு தகடா கழட்டி மாட்டணும், கனமும் ஜாஸ்தி. காத்தடிச்ச போட்ட வெயில்ல விட்டுட்டுப் போகாத, ட்யூப் மேளம் மாதிரி இறுகிடும், கொஞ்சம் காத்த எறக்கி வை. அப்புறம் தெமெங்கோர் ஏரிக்குப் போற ஆசை இருந்தா மெதுவாப் போ, தண்ணிக்குள்ள செத்த மரம் நிறைய நிக்குது, எந்த பிராண்டா இருந்தாலும் கிழியும்.

ஏரிக்கரை:
ட்ரான்சத்துல ஒரு தட்டு அடிச்சிருக்கும், எத்தன எச்பி, எத்தன கிலோன்னு, அதப் பாக்காம காசு குடுக்காத. உங்க மாமா இஞ்சின் 26 கிலோதான், அதே 9.8 ஃபோர் ஸ்ட்ரோக்னா 37. ஷாஃப்ட், அதான் இஞ்சின்ல தண்ணிக்குள்ள எறங்குற தண்டு, அது நீளத்தையும் அளந்துக்க, ஷார்ட்னா ட்ரான்சம் ஒசரம் 15 இஞ்ச், லாங்னா 20. பழைய போட்டுன்னா காத்தடிச்சு ஒட்டு முழுக்க சவுக்காரத் தண்ணி தடவி முட்டை விடுதான்னு பாரு, ஒரு ராத்திரி அப்படியே விட்டு காத்து எறங்குதான்னும் பாரு.

செம்பனைக்காரன்:
நேத்து அந்த செகண்ட் ஹேண்ட பாத்துட்டு வந்தேன். தட்டு உரிஞ்சு எழுத்தே தெரியல. முன்னாடி வச்சிருந்தவரு ஓட்டைக்கு பிவிசி பசைய போட்டு ஒட்டியிருக்காரு, நகத்தால சுரண்டினேன், முழுசா கையோட வந்துடுச்சு.

ஏரிக்கரை:
ஹைப்பலானுக்கு அந்த பசை பிடிக்கவே பிடிக்காது. விடு, வேணாம்.

செம்பனைக்காரன்:
சரிண்ணே, காத்துத் தரை ஸோடியாக்கே எடுத்துடறேன், வெல்டு ஒட்டுன்னு கடைக்காரர் காட்டினாரு. போட்ட கொட்டாய்ல வைக்கல, முன் ரூம் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்னு பாக்கறேன், அம்மாகிட்ட இன்னும் சொல்லல. மாமா இஞ்சின் லாங் ஷாஃப்டா ஷார்ட்டான்னு சாயங்காலம் டேப் வச்சு அளக்கப் போறேன்.